பைசாவில் தொடங்கிய போர்

கோவை மாவட்டத்துக் கிணற்று மேட்டிலிருந்து கிளம்பி, ஹைதராபாதில் அகில இந்தியத் தலைவரானவர் நாராயணசாமி நாயுடு. அவர் எதிர்த்த மின் கட்டணம் தமிழக விவசாயிகளுக்கு இன்று இல்லை. அவர் கேட்ட விலை இன்னும் வரவில்லை.

2000 ஆகஸ்ட் 28. ஹைதராபாதின் பஷீர்பாக் சந்திப்பு. மின் கட்டண உயர்வைக் கண்டித்துச் சட்டமன்றத்தை நோக்கி வந்த ஊர்வலத்தை அங்கே போலீஸ் மறித்தது. தண்ணீர் பீய்ச்சியடித்தார்கள். தடியடி நடந்தது. கடைசியில் துப்பாக்கிகள் வெடித்தன. மூன்று பேர் இறந்தார்கள். சந்திரபாபு நாயுடு ஹைதராபாதைக் கணினி நகரமாக உலகுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்த நேரம் அது. உலக வங்கிக் கடனோடு வந்த மின்துறைச் சீர்திருத்தத்துக்கு ஆந்திரம் முன்மாதிரி என்று பாராட்டுகள் குவிந்துகொண்டிருந்தன. பஷீர்பாக் அந்தப் படத்தில் விழுந்த கறை. இடதுசாரிக் கட்சியினர் ஆண்டுதோறும் அதே நாளில் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அந்த நகரத்துக்கு மின் கட்டண வழக்கு புதிதல்ல. 20 ஆண்டுகளுக்கு முன், 1980 டிசம்பரில், பல மாநிலங்களின் விவசாயச் சங்கத் தலைவர்கள் ஹைதராபாதில் கூடினார்கள். பாரதிய கிசான் யூனியன் என்ற பெயரில் ஒன்றிணைந்தார்கள். தலைவராக அவர்கள் தேர்ந்தெடுத்தது இந்தி பேசும் வட இந்தியர் ஒருவரை அல்ல. கோவை மாவட்டம் வையம்பாளையத்தைச் சேர்ந்த ஒரு விவசாயியை. அவர் பெயர் சி. நாராயணசாமி நாயுடு. வயது 55. அவருடைய அரசியல் மூலதனம் ஒரே ஒரு விஷயம்தான்: பம்புசெட் மின் கட்டணத்தை ஒரு மாநில அரசால் தூக்கத்தில்கூட மறக்க முடியாத பிரச்சினையாக அவர் ஆக்கியிருந்தார்.

யூனிட்டுக்கு இரண்டு பைசா

நாயுடு பிறந்தது 1925 பிப்ரவரி 6 அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியான கோவை வட்டாரத்தில் அன்றும் இன்றும் விவசாயம் என்றால் கிணறுதான். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் ஒரு குடும்பத்தின் பகல் முழுதும் தண்ணீரிலேயே கழியும். 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது. மோட்டாரும் பம்பும் கோவையிலேயே தயாராயின. சுதந்திரத்துக்குப் பிறகு பம்புசெட் இணைப்புகளில் நாட்டுக்கே வழிகாட்டும் மாநிலமாகச் சென்னை மாகாணம் ஆனது. புன்செய் நிலத்தில் பருத்தியும் கரும்பும் வாழையும் வந்தன.

கூடவே கடனும் வந்தது. கிணறு வெட்டக் கடன், ஆழப்படுத்தக் கடன், மோட்டார் வாங்கக் கடன். தஞ்சாவூர் விவசாயிக்கு அரசு கட்டிய அணையிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வந்துவிடும். கோவை விவசாயியோ சொந்தச் செலவில் பாறையை உடைத்துத் தண்ணீரைக் கண்டுபிடித்து, அதை மேலே கொண்டுவர மின் வாரியத்துக்கும் பணம் கட்ட வேண்டும். இந்தக் கணக்குதான் நாயுடுவின் இயக்கத்துக்கு அடிப்படை. யாரும் புத்தகம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய கணக்கல்ல அது.

1970இல் தி.மு.க. அரசு பம்புசெட் மின் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தியது. இரண்டு பைசா நகரவாசிக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 யூனிட் செலவாகும். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 40 யூனிட். இரண்டு பைசா உயர்வு என்றால் நாளைக்கு 80 பைசா. ஆண்டில் 200 நாள் இறைத்தால் 160 ரூபாய். 1970இன் 160 ரூபாய். பருத்தி விலையையோ கரும்பு விலையையோ உயர்த்தும் அதிகாரம் அந்த விவசாயிக்கு இல்லை. அவன் வாங்கும் பொருளுக்கும் விலை மற்றவர் சொல்வது, விற்கும் பொருளுக்கும் விலை மற்றவர் சொல்வது. இரண்டு பைசா வெறும் சாக்கு. ஆத்திரம் இந்த ஏற்பாட்டின் மீது.

அந்த மே மாதம் போராட்டம் தொடங்கியது. நகரங்களுக்குப் பாலும் காய்கறியும் போவது நிறுத்தப்பட்டது. ஜூன் 19 அன்று, இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அரசு இறங்கி வந்தது. ஒரு பைசா குறைத்தது.

ஒரு பைசாவுக்கு மூன்று உயிர். இந்தப் பேரம் கொங்கு நாட்டுக் கிராமங்களில் மறக்கப்படவே இல்லை. பெருமாநல்லூரில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் கூட்டம் நடக்கிறது.

மாட்டுவண்டிகளின் நகரம்

இரண்டு ஆண்டுகள் கழித்துக் கட்டணம் மீண்டும் உயர்ந்தது. இந்த முறை விவசாயிகள் கையில் எடுத்த ஆயுதம் யாரும் எதிர்பாராதது. 1972 ஜூனில் கோவை நகருக்குள் ஆயிரக்கணக்கில் மாட்டுவண்டிகள் நுழைந்தன. முக்கிய சாலைகளில் வண்டிகளை நிறுத்தி மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். கல்லெறி இல்லை, தீ வைப்பு இல்லை. நகரம் நின்றுபோனது. லாரியை அப்புறப்படுத்தலாம், ஊர்வலத்தைக் கலைக்கலாம். மாடு இல்லாத ஆயிரக்கணக்கான வண்டிகளை எந்தப் போலீஸ் இழுத்துக்கொண்டு போகும்? இந்திய விவசாயிகளின் 'பேட்டன் டாங்கிகள்' என்று அமெரிக்க நாளேடு ஒன்று அந்த வண்டிகளை வர்ணித்ததாகச் சங்கத்து மூத்தவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வதுண்டு.

அடுத்த மாதம் பெருமையைத் துயரம் முந்திக்கொண்டது. ஜூலை 5 அன்று முழு அடைப்பு. பல இடங்களில் துப்பாக்கிச் சூடு. அந்தப் போராட்டத்தில் 15 விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் சங்கத்தின் கணக்கு. தமிழக விவசாயச் சங்கங்கள் ஜூலை 5ஐ உழவர் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிப்பது அதனால்தான்.

1973இல் தமிழக விவசாயிகள் சங்கம் உருவானது. கோவை மாவட்டத்து இயக்கம் மாநில இயக்கமானது. கட்சிக் கொடிகளுக்கு அங்கே இடமில்லை. பச்சைத் துண்டு அடையாளமாயிற்று. போராட்ட முறைகளும் நிலைபெற்றன: பாக்கியைக் கட்டாதே, ஜப்திக்கு அதிகாரி வந்தால் ஊரே கூடு, பால் வேண்டுமா, காய்கறி வேண்டுமா, முதலில் பேச வா. மனுக் கொடுத்துவிட்டுத் தாலுகா ஆபீஸ் திண்ணையில் காத்திருந்த விவசாயி, அதிகாரியைத் தன் களத்து மேட்டுக்கு வரவழைத்துப் பேசக் கற்றுக்கொண்டான். நாயுடுவின் பெரிய சாதனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆட்சி மாறியும் துப்பாக்கி மாறவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1978இல், வேடசந்தூரில் விவசாயிகள் சுடப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் சலுகைகளும் கைதுகளும் மாறிமாறி வந்தன. உழவர் சங்கங்கள் வைத்திருக்கும் தியாகிகள் பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

இயக்கத்தின் மீது விமர்சனமும் இல்லாமல் இல்லை. கிணறும் மோட்டாரும் உள்ளவனுக்கான இயக்கம் இது என்றார்கள் இடதுசாரிகள். நிலமே இல்லாத கூலி விவசாயிக்கு மின் கட்டணம் எதற்கு? அவன் கேட்கும் கூலி உயர்வை இதே சங்கத்தார் எதிர்க்கமாட்டார்களா? கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தான் கட்டுப்படியாகும் கூலி கொடுக்க முடியும் என்பது சங்கத்தின் பதில். பாதி உண்மையான பதில். விலை கிடைத்தால் கூலி தானாக உயரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஹைதராபாத் ஏன்?

1980ஆம் ஆண்டு இந்திய விவசாயிகளுக்கு விசேஷமான ஆண்டு. ஜூலையில் கர்நாடகத்தின் நரகுந்த், நவல்குந்த் பகுதியில் நீர் வரிக்கு எதிரான கிளர்ச்சி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அதிலிருந்து கர்நாடக ராஜ்ய ரயத சங்கம் பிறந்தது. நவம்பரில் மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் வெங்காயத்துக்கும் கரும்புக்கும் விலை கேட்டுச் சாலையையும் ரயிலையும் மறித்தார்கள். அதை நடத்திய சரத் ஜோஷி, சுவிட்சர்லாந்தில் சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் வேலையை உதறிவிட்டு வந்து நிலம் வாங்கியவர். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு வரி, ஒரு கட்டணம், ஒரு விளைபொருள். கேள்வி ஒன்றேதான்.

அந்தக் கேள்விக்கு ஒரு முகவரி தேடித்தான் டிசம்பரில் ஹைதராபாதில் கூடினார்கள். வடக்கும் தெற்கும் சந்திக்க வசதியான நகரம் என்பது ஒன்று. தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டத்தையும் (1946-51), அகில இந்திய கிசான் சபையின் பிதாக்களில் ஒருவரான குண்டூர் மாவட்டத்து என்.ஜி. ரங்காவையும் கண்ட மண் அது என்பது மற்றொன்று. கோவை வட்டாரத்து நாயுடு சமூகத்தினர் பலருக்கும் வீட்டு மொழி தெலுங்கு. பல நூற்றாண்டுகளுக்கு முன் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே போன உழவர்களின் வழிவந்த ஒருவர், தெலுங்கு நாட்டின் தலைநகரில் இந்திய உழவர்களின் தலைவராகத் திரும்பி வந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

பஞ்சாபில் 1972 முதல் இயங்கிவந்த கேதிபாரி ஜமீன்தாரா யூனியன், பாரதிய கிசான் யூனியனின் மாநிலக் கிளையாக மாறியது. ஆனால் ஒற்றுமை நீடிக்கவில்லை. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் தனித்தனி வழியில் போயின. அதே பெயரை உலகறியச் செய்தவர் உத்தரப் பிரதேசத்தின் மகேந்திர சிங் திகாயத். 1987 தொடக்கத்தில் ஷாம்லி அருகே கர்முகேரா மின் நிலையத்தை அவர் முற்றுகையிட்டபோது பிரச்சினை என்ன தெரியுமா? பம்புசெட் மின் கட்டண உயர்வு. பெருமாநல்லூர் வழக்கு 17 ஆண்டு கழித்து இந்தியில் பேசப்பட்டது.

வாஷிங்டனுக்குப் போன டிராக்டர்

விவசாயிக்கு விலை சொல்லும் உரிமை இல்லை என்பது ஏழை நாட்டு வியாதி மட்டும்தானா? இல்லை. நாயுடுவின் சங்கம் எம்.ஜி.ஆர். அரசோடு மோதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலும் குடும்ப விவசாயிகள் தெருவுக்கு வந்திருந்தார்கள். 1977இல் கொலராடோ மாநிலத்தில் தொடங்கிய 'அமெரிக்க விவசாய இயக்கம்' அந்த டிசம்பர் 14 அன்று விவசாய வேலைநிறுத்தம் அறிவித்தது. 1910-14 ஆண்டுகளில் ஒரு மூட்டைக் கோதுமையை விற்றால் எவ்வளவு பொருள் வாங்க முடிந்ததோ அவ்வளவு வாங்கும்படி விலை வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. 1979 பிப்ரவரியில் நாடெங்கிலுமிருந்து புறப்பட்ட டிராக்டர்கள் வாஷிங்டன் நகரில் நுழைந்து போக்குவரத்தை நிறுத்தின. கோவைக்கு மாட்டுவண்டி, வாஷிங்டனுக்கு டிராக்டர். போலீஸ் தன் வாகனங்களால் வேலி கட்டி அவற்றை நகரின் நடுத் திடலில் அடைத்தது. அதே மாதம் கடும் பனிப்புயல் தாக்கியபோது, அடைபட்டிருந்த டிராக்டர்கள்தான் டாக்டர்களையும் நர்சுகளையும் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு சேர்த்தன.

ஹைதராபாத் மாநாடு முடிந்த இரண்டு மாதத்தில், 1981 பிப்ரவரியில், மிசௌரி மாநிலத்து விவசாயி வேய்ன் கிரிட்ஸ் செய்த காரியம் அங்கே பெரும் பரபரப்பானது. அவர் சோயா மொச்சையைச் சேமித்துவைத்திருந்த கிடங்கு திவாலானது. கிடங்கில் உள்ளதெல்லாம் கடன்காரர்களின் சொத்துக் கணக்கில் என்று நீதிமன்றம் பூட்டுப் போட்டது. நான் விளைவித்தது எனக்குத்தான் என்று நூற்றுக்கணக்கான விவசாயிகளின் துணையோடு அவர் மொச்சையை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். உதவியவர்களின் பெயரைச் சொல்ல மறுத்ததற்காகச் சிறைக்கும் போனார். ஜப்தி அமீனாவைக் கிராமமே கூடித் திருப்பியனுப்பிய கொங்கு விவசாயிக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

கிரிட்ஸ் பின்னர் நாடாளுமன்றத் தேர்தலில் இரு முறை, 1986இலும் 1988இலும், நின்று தோற்றார். சாலையில் கூடிய கூட்டம் வாக்குச் சாவடிக்கு வருவதில்லை என்பதும் இரு நாட்டுக்கும் பொது.

கட்சி என்னும் புதைகுழி

நாயுடுவும் அந்தப் பாடத்தைப் படிக்க நேர்ந்தது. எத்தனை நாள் அடுத்தவரிடம் கேட்பது, நாமே ஆளலாமே என்ற எண்ணம் சங்கத்துக்குள் வளர்ந்தது. 1982இல் இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சி பிறந்தது. பெயரில் உழைப்பாளரும் இருந்தது தற்செயலல்ல. கூலி விவசாயிகளை மறந்த இயக்கம் என்ற குற்றச்சாட்டுக்கு அது பதில். ஆனால் பச்சைத் துண்டு போட்டவர்களில் தி.மு.க.வினரும் அ.தி.மு.க.வினரும் காங்கிரஸ்காரர்களும் இருந்தார்கள். கட்சி சாராதிருந்தவரை எல்லோரும் வந்தார்கள். கட்சி ஆனதும் அவரவர் கட்சிக்குத் திரும்பினார்கள்.

1984 டிசம்பர் 24 அன்று தமிழகச் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்த்துத் தேர்தல். எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில், இந்திரா காந்தி மறைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அனுதாப அலையில் விவசாயியின் குரல் யாருக்குக் கேட்கும்? பிரசாரத்துக்காகப் போயிருந்த நாயுடு, வாக்குப் பதிவுக்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 21 அன்று கோவில்பட்டியில் இறந்தார். வயது 59. கட்சி வேரூன்றவில்லை. சங்கம் பல துண்டுகளாக உடைந்தது; ஒவ்வொரு துண்டும் அவர் படத்தையே மேடையில் வைத்தது.

வினோதம் என்னவென்றால், அவர் தோற்ற இடத்தில் அவர் கோரிக்கை வென்றது. அவர் இறந்த 1984ஆம் ஆண்டிலேயே எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. 1989-91 ஆட்சிக் காலத்தில் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கியது. ஒரு பைசா குறைக்க மூன்று உயிர் போன அதே தலைவரின் ஆட்சிதான். சங்கத்துக்கு வராத வாக்குகள் யாருக்குப் போகும் என்பதைக் கட்சிகள் நன்றாகவே படித்திருந்தன.

ஹைதராபாதும் அதே பாடத்தைப் படித்தது. பஷீர்பாக் நடந்து நான்கு ஆண்டுகளுக்குள் சந்திரபாபு நாயுடுவின் ஆட்சி வீழ்ந்தது. 2004 மே மாதம் பதவியேற்ற ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி முதலில் கையெழுத்திட்ட கோப்பு விவசாயிகளுக்கான இலவச மின்சாரம். தனி மாநிலமான தெலங்கானா, 2018 புத்தாண்டு முதல் 24 மணி நேரமும் இலவசம் என்றது.

கணக்கு தீரவில்லை

எனவே நாயுடு வென்றுவிட்டாரா? பில் ஒழிந்தது, உண்மைதான். ஆனால் இலவச மின்சாரம் தண்ணீரைத் தரவில்லை. கோவை வட்டாரத்தில் மாடு இறைத்த கிணறுகள் வறண்டன. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போகின்றன. ஐந்து குதிரைச் சக்திக்கு எட்டாத ஆழத்தில் தண்ணீர் இருந்தால் கட்டணம் இல்லாத மின்சாரத்தால் என்ன பயன்? மோட்டாருக்கு விலையில்லாத மின்சாரம் கிடைத்தபோது, எவ்வளவு இறைக்கிறோம் என்று பார்க்கும் பழக்கமும் போயிற்று. அவர் கேட்டதை அரசுகள் பாதியாகத்தான் கேட்டன. செலவைக் குறை, விலையைக் கொடு என்பது கோரிக்கை. செலவில் ஒரு பகுதியைக் குறைப்பது எளிது. ஒரு கையெழுத்து போதும். விலை கொடுப்பதென்றால் வியாபாரியையும் நகரத்து நுகர்வோரையும் பகைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொரு தமிழர், எம்.எஸ். சுவாமிநாதன், தலைமை தாங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம் 2006இல் தந்த பரிந்துரை, உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்றது. 2020 நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேல் டில்லி எல்லைகளில் விவசாயிகள் டிராக்டர்களோடு உட்கார்ந்திருந்தபோது, மூன்று வேளாண் சட்டங்களோடு மின்சாரத் திருத்த மசோதாவும் அவர்கள் எதிர்ப்புப் பட்டியலில் இருந்தது. சட்டங்கள் 2021இல் திரும்பப் பெறப்பட்டன. ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு 2024 பிப்ரவரியில் மீண்டும் டில்லியை நோக்கிக் கிளம்பினார்கள். எல்லையில் முன்வரிசையில் நின்ற அமைப்புகள் பலவற்றின் பெயர், 1980இல் ஹைதராபாதில் நாயுடு தலைமையேற்ற அதே பெயர்: பாரதிய கிசான் யூனியன்.

அந்தப் பெயருக்கு முதலில் தலைமை தாங்கியவர் தமிழர் என்பது டில்லி எல்லையில் இருந்த எத்தனை பேருக்குத் தெரியுமோ? வையம்பாளையத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பிறந்த நாளிலும் ஜூலை 5 அன்றும் எல்லாக் கட்சியினரும் மாலை போடுகிறார்கள், சுட உத்தரவிட்ட ஆட்சிகளின் வாரிசுகள் உட்பட. பக்கத்துக் காட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு இன்று பில் வருவதில்லை. அந்தத் தண்ணீரில் விளைவதற்கு என்ன விலை என்பதை இன்றும் சந்தையில்தான் சொல்வார்கள்.